வால்வில் கிருமி இருக்கும்போது இதயம் திடீரெனத் தளர்ந்தால்: டகோட்சுபோவா, அடைப்பா?

இதய வால்வில் கிருமித்தொற்று வந்து படுத்திருப்பவருக்கு நெஞ்சுவலி. ஈசிஜி மாறியிருக்கிறது, ட்ரோபோனினும் (இதயத்தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) ஏறியிருக்கிறது. சந்தேகம் இரண்டு பக்கம் போகும். வால்வில் ஒட்டியிருந்த கிருமிக்கட்டி பிய்ந்து இதய ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். அல்லது, 1990-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட டகோட்சுபோ: காய்ச்சல், வலி, பயம் எல்லாம் சேர்ந்து அட்ரினலின் பொங்கி, தசை தற்காலிகமாக மரத்துப்போவது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம்.

ரத்தப் பரிசோதனை இங்கே பெரிதாகக் கை கொடுக்காது. எக்கோவைப் (இதயத்தின் ஒலி அலை ஸ்கேன்) பாருங்கள். அடைப்பு என்றால் அந்தக் குழாய் ரத்தம் தரும் பகுதி மட்டும் அசையாது. டகோட்சுபோவில் பெரும்பாலும் இதயத்தின் நுனி முழுக்க உப்பி நிற்க, அதற்கு எதிர்முனையில் வால்வுகள் இருக்கும் மேல்பகுதி வேகமாகச் சுருங்கும். எந்த ஒரு குழாயின் எல்லைக்குள்ளும் அது அடங்காது. ஆனாலும் எக்கோவை மட்டும் நம்பி அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆஞ்சியோ (கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி இதய ரத்தக்குழாய்களைப் பார்ப்பது) வேண்டும். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வில் கட்டி தொங்கினால் கதீட்டர் அதைத் தட்டிவிடுமோ என்ற பயம் உண்டு. அப்போது இதயத்துக்குள் கதீட்டர் விடாமல் ஸ்கேனில் பார்க்கும் சிடி ஆஞ்சியோ நல்லது.

மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. தொற்று உள்ளவருக்கு மூளையில் ரத்தம் கசியலாம். டகோட்சுபோ பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் மட்டும் எப்படியும் நிற்கக்கூடாது, வழக்கமாக 4 முதல் 6 வாரம்.