புது எலக்ட்ரிக் பைக்ல பிரேக் சத்தமா? நான் 21,800 ரூபா குடுத்து ஏமாந்துட்டேன், நீங்க கவனம்

இன்னிக்கு காலைல தான் விசயமே தெரிஞ்சிச்சு, கை நடுங்குது, எழுத்து பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க.

பைக் வாங்கி மூணு மாசம் கூட ஆகல. அம்மா கொழுந்து பறிச்சு சேத்த இபிஎஃப் காசுல எடுத்தது. இலங்கை மலையகத்துல, கொட்டகலைல இருந்து தலவாக்கலைக்கு தினம் வேலைக்கு போறேன். ரெண்டாவது மாசமே முன் வீல்ல சத்தம். பிரேக் பிடிக்காமலே வீல் சுத்துற சுத்துக்கு சர்... சர்... சர்னு ஒரு உரசல். பைக் எடுத்த ஷோரூமுக்கே கொண்டு போனேன். அங்க ஒரு பையன் டிஸ்க்ல, அதான் வீலோட சேந்து சுத்துற பிரேக் தட்டுல, ஏதோ ஸ்ப்ரே அடிச்சு தொடைச்சு விட்டுட்டு சரியாயிடும்னான். அடுத்த நாள் வேலைக்கு போற வழில டெவோன் இறக்கத்துல பிரேக்க அமுக்குறேன், கீச்னு கத்துது, பைக் நிக்கல. முன்னால பஸ். பின் பிரேக்ல எப்பிடியோ தப்பிச்சேன்.

திரும்ப போனேன். அங்க இருக்கிற பெரியவரு தமிழ் ஆளு. தம்பி உக்காருங்கன்னு பிளேன்டீ குடுத்தாரு, எந்த தோட்டம்னு கேட்டாரு, அட நம்ம பக்கத்து பையனான்னு தோள்ல கை வச்சு, "டிஸ்க் வளைஞ்சிருக்கு, டிஸ்க்கும் பேடும் மாத்தணும், பிரேக் சாமான் எல்லாம் வோரண்டில வராது, நான் உங்களுக்கு கொறைச்சு போடுறேன்"னாரு. அந்த ஒரு வார்த்தைல தான் விழுந்தேன். நீட்டின பேப்பர வாசிக்காம கையெழுத்து வச்சேன். 21,800 ரூபா. சீட்டுக்கு வச்சிருந்த காசு.

ரெண்டு நாள் கழிச்சு பைக் வந்திச்சு. டிஸ்க்க ரெண்டு பக்கமும் அமுக்கி பிடிக்கிற பேட் புதுசு தான், கீச் சத்தம் போயிடிச்சு. ஆனா அந்த சர் சர் அப்பிடியே இருக்கு. போன் எடுத்தா டெக்னீசியன் கொழும்பு போயிட்டாருங்கிறாங்க. நேர்ல போனா பாஸ் இல்ல. அப்பறம் நம்ம பக்கம் மிஸ்ட், மழை, சத்தம் வரத்தான் செய்யும்னாங்க. இப்ப மெசேஜ் போட்டா பாக்குறாங்க, பதில் இல்ல.

இன்னிக்கு எங்க தோட்டத்து பெக்டரில ஃபிட்டரா இருக்கிற அண்ணன் வந்து பாத்தாரு. ஸ்டாண்ட் போட்டு வீல கையால சுத்தி, போன் லைட்ட கெலிப்பர் உள்ள, அதான் பேட் ரெண்டும் இருக்கிற கூட்டுக்குள்ள, அடிச்சாரு. டிஸ்க் நேரா தான் ஓடுது, ஒரு பக்க பேட் ஒட்டிக்கிட்டு இருக்கு, மத்த பக்கம் நல்ல இடைவெளி. கெலிப்பர புடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்ட லூஸ் பண்ணி, என்னைய பிரேக்க அமுக்கி பிடிக்க சொல்லி, அப்பிடியே டைட் பண்ணினாரு. பத்து நிமிசம் கூட ஆகல, சத்தம் போயிடிச்சு. அதோட முடியல. ஷோரூமுக்கு காட்ட முதல்லயே நான் எடுத்த வீடியோவ போட்டு பாத்தோம், அதுல டிஸ்க்ல ஒரு ஓட்டைக்கு பக்கத்துல நகக்கண் அளவு கீறல் இருக்கு. இன்னிக்கும் அதே ஓட்டைக்கு பக்கத்துல அதே கீறல். டிஸ்க்க மாத்தவே இல்ல! மாத்தாத டிஸ்க்குக்கு பில் போட்டு 21,800 ரூபா வாங்கிட்டாங்க.

தயவு செஞ்சு யாரையும் டிஸ்க்ல எண்ணெய், எண்ணெய் உள்ள ஸ்ப்ரே எதுவும் அடிக்க விடாதீங்க, பேட் அத உறிஞ்சிட்டா பிரேக் பிடிக்காது, நம்ம ரோட்டு இறக்கத்துல உயிர் போயிடும். காலைல ஈரத்துல பிரேக் கொஞ்சம் கத்திட்டு, நாலு தடவ பிடிச்சதும் சத்தம் நின்னா பயப்பட தேவல்ல. புது பேட் போட்டா மட்டமான ரோட்டுல மெல்ல மெல்ல பல தடவ பிடிச்சு பழக்குங்க. கழட்டின பழைய சாமான கேட்டு வாங்குங்க. பேப்பர வாசிங்க.

நுகர்வோர் அதிகார சபையோட 1977 நம்பருக்கு இப்ப தான் போன் அடிச்சேன், லைன் கெடைக்கல, திரும்ப அடிக்கிறேன். பில்லும் வீடியோவும் கைல இருக்கு.