சி6ஹெச்0 டி-ஷர்ட்: துணி நன்று, பூஜ்யம் தவறு, ஒரு வரி குறைவு

வேதியியல் கற்பித்துப் பிழைக்கும் ஒருவர், உலகில் இல்லாத ஒரு சேர்மத்தின் வாய்பாட்டை மார்பில் போட்டுக்கொண்டு திரியலாமா என்று என் மனைவி கேட்டார். ஆறு கார்பன், பூஜ்யம் ஹைட்ரஜன் என்று எந்த மாணவராவது எழுதினால் நானே சிவப்பு மையால் அடிப்பேன். ஆனால் இது வேதியியல் அன்று. 1921 அக்டோபர் 29 அன்று நடந்த ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவு. சென்டர் கல்லூரி (C) 6, ஹார்வர்ட் பல்கலைக்கழகம் (H) 0. இணையக் கடையொன்றில் 28 டாலருக்கு வாங்கி மூன்று மாதமாக அணிந்து வருகிறேன்.

முதலில் துணி. நல்ல கனமான பருத்தி. வெயிலில் சற்றுப் புழுக்கம் தரும், ஆனால் உடலோடு ஒட்டாது. பொன்மஞ்சள் சாயம் வெள்ளைத் துண்டோடு சேர்த்துத் துவைத்தபோதும் இறங்கவில்லை. கழுத்துப் பட்டியும் தளரவில்லை. நீளம் மட்டும் முதல் சலவையிலேயே ஒரு விரற்கடை சுருங்கியது. அச்சைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை: ஐந்தாவது சலவைக்குப் பிறகு 6-இன் வயிற்றில் மெல்லிய விரிசல் ஓடத் தொடங்கிவிட்டது. அதைவிட என்னை உறுத்துவது பூஜ்யம். வடிவமைத்தவர் அதை முழு வட்டமாக வரைந்துவிட்டதால், எண் எழுத்தாக மாறி, "ஹோ" என்று சிரிப்பதுபோல் தெரிகிறது. கேலிக்குப் பிறந்த வாய்பாடுதான், என்றாலும் அந்தக் கேலியின் உயிரே பூஜ்யத்தில் இருக்கிறது.

கென்டக்கி மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் இருக்கும் சென்டர் கல்லூரியில் அப்போது 300 பேருக்கும் குறைவாகவே படித்தார்கள். ஹார்வர்டோ 1919, 1920 என்ற இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அணி. 1920-இல் இதே சென்டரை 31–14 என்று வென்றிருந்தது. அன்று ஆட்டப் பந்தை நினைவாகத் தர ஹார்வர்ட் அணித்தலைவர் முன்வந்தபோது, அடுத்த ஆண்டு வந்து வென்று எடுத்துக்கொள்கிறோம் என்று சென்டர் ஆட்டக்காரர் போ மக்மில்லின் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். மறு ஆண்டு 40,000 பேருக்கு மேல் கூடியிருந்த ஹார்வர்ட் மைதானத்தில், மூன்றாவது கால்பகுதியின் தொடக்கத்தில், அதே மக்மில்லின் பந்தோடு 32 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டு ஆறு புள்ளி எடுத்தார். கூடுதல் புள்ளிக்கான உதை தவறியது. அது தவறாமல் போயிருந்தால் 7–0 ஆகியிருக்கும். இந்த வாய்பாடும் இந்தச் சட்டையும் வேறு மாதிரி இருந்திருக்கும். டான்வில் மாணவர்கள் ஊரில் கண்ட இடமெல்லாம் இந்த வாய்பாட்டை எழுதினார்கள், சில பசுக்களின் விலாவையும் விட்டுவைக்கவில்லை என்பது கல்லூரி விரும்பிச் சொல்லும் கதை. பழைய அஞ்சலகக் கட்டடத்தின் சுவரில் எழுதியது மட்டும் இன்றும் நிற்கிறது.

சட்டையின் முதுகுப் பக்கம்தான் நான் இதை வாங்கியதற்குக் காரணம், குறையும் அங்கேதான். அந்தப் பருவத்தின் வெற்றிகள் பத்தும் சிறிய எழுத்தில் வரிசையாக உள்ளன: கிளெம்சன் 14–0 என்று தொடங்கி, சான் டியேகோவில் அரிசோனாவை வென்ற 38–0 என்று முடிகின்றன. டிரான்சில்வேனியா கல்லூரியை வென்ற 98–0 என்ற வரியைப் பார்த்துவிட்டு, அது அச்சுப்பிழையா என்று என்னை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. இந்தப் பத்து ஆட்டங்களிலும் எதிரணிகள் சென்டரிடம் எடுத்த புள்ளிகள் மொத்தமே ஆறுதான், அவையும் செயின்ட் சேவியர் எடுத்தவை. சென்டரின் பயிற்சியாளர் சார்லி மோரன், மற்ற மாதங்களில் தேசிய லீக் பேஸ்பால் நடுவராக வேலை பார்த்தவர்.

ஆனால் ஆட்டங்கள் பதினொன்று. 1922 ஜனவரி 2 அன்று டல்லாஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் சென்டர் 14–22 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் எதிரணியில் காயங்கள் கூடிக்கொண்டே போனபோது, அதன் பயிற்சியாளர் டேனா பைபிள், செய்தியாளர் மாடத்தில் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கீழே அழைத்து, காயம்பட்டவரின் உடையை அணிவித்து ஓரத்தில் நிறுத்தினார். களம் இறங்க வேண்டிய தேவை கடைசிவரை வரவில்லை. ஆனாலும், பதினொருவர் ஆடும் அணிக்கு மாணவர்களே அடுத்த ஆள் என்னும் அந்தக் கல்லூரியின் "பன்னிரண்டாவது ஆள்" மரபு அன்று பிறந்ததாகவே சொல்கிறார்கள். தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்று காட்ட, இன்றும் மாணவர்கள் ஆட்டம் முழுதும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். ஆக, இந்தப் பருவத்தில் இரண்டு ஊர்களுக்குக் கதை கிடைத்தது, அவற்றில் ஒன்று சென்டரின் தோல்வியால் கிடைத்தது. சட்டையில் அது இல்லை. பத்தாவது வரிக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெற்றுத் துணி கிடக்கும்போது, இடமில்லை என்றும் சொல்ல முடியாது.

இதைச் சுட்டிக்காட்டிக் கடைக்கு எழுதினேன். விற்பனையில் இருக்கும் வடிவமைப்பு இதுதான் என்று ஒரு வரியில் பதில் வந்தது, மரியாதையான பதில்தான். பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார்கள், நான் கேட்கவில்லை. துணியில் எழுதும் பேனா ஒன்றை வாங்கி, 14–22 என்று நானே எழுதிக்கொண்டேன். இரண்டு சலவை தாங்கியிருக்கிறது, கடையின் 6-ஐவிட ஒழுங்காகவே நிற்கிறது. வாங்குபவர்கள் வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். உட்புறத்தை வெளியே திருப்பித் துவைத்தால் அச்சு இன்னும் சில மாதம் தாங்கக்கூடும்.