தேயிலை ஃபேக்டரியில் கைரேகை மெஷின்: சில வருட அனுபவம்

கொடைக்கானலில் காட்டேஜ் நடத்தும் நண்பர், வேலையாட்களுக்குக் கைரேகை வருகைப்பதிவு மெஷின் வாங்கலாமா என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் மெஷின் போர்டு போய், கோவைக்கு இறக்கி, சரிசெய்து மறுபடி மலை ஏற்றிய கடுப்பில் இருந்தேன். ஆகவே இதில் கொஞ்சம் காரம் இருக்கும்.

எங்களுடையது கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரி. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி சி.டி.சி. தூள், அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணைத் தூள், போடுகிறோம். சீசனில் ராத்திரி ஷிஃப்டும் ஓடும். ஆட்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதாவது முதலாளி திட்டினாலும் ஆட்கள் திட்டினாலும் என் காதில்தான் விழும். எத்தனை ரேகை பதியலாம், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறது. அதில் பொய் இல்லை.

தகராறு விரலில்தான். இலை மூட்டை தூக்குகிறவர், அடுப்புக்கு விறகு போடுகிறவர், விவரம் தெரிந்த நாளிலிருந்து கொழுந்து கிள்ளிய பெண்கள், இவர்களுக்கெல்லாம் ரேகை பாதி தேய்ந்திருக்கும். வெடிப்புக்குள் தேயிலைக் கறை இறங்கியிருக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் தோல் இன்னும் காய்ந்துவிடும். மெஷினோ கண்ணாடியில் அழுந்தும் மேடு பள்ளத்தைப் படம் பிடித்து ஒப்பிடுகிற ரகம். மேடே இல்லாத விரலில் எதைப் படிக்கும்?

ஆபீசில் பில் போடும் பையன் விரல் வைத்ததும் ‘தேங்க் யூ’ என்கிறது. தூள் சலிக்கும் இடத்தில் ரொம்ப வருஷமாக இருக்கும் அக்கா வைத்தால் ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’. அவர் முந்தானையில் துடைப்பார், வாயால் ஊதுவார், நெற்றியில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். அந்த எண்ணெய்ப் பிசுக்கில் சில நாள் விழும். பின்னால் வரிசை நிற்கும். கண்ணால் பார்த்தே தூளைத் தரம் பிரிக்கிற ஆளை, நேற்று வந்த பயல்கள் முன்னாடி ‘நீ யார்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. “தம்பி, இது என்ன என்னை மட்டும் சேத்துக்க மாட்டேங்குது?” என்றார் ஒருநாள், சிரித்துக்கொண்டே. அது நல்ல சிரிப்பு இல்லை. ரேஷன் கடையிலும் அவருக்கு இதே கதைதான். அங்கேயாவது இப்போது கருவிழி பார்த்து அரிசி போடுகிறார்கள்.

மாட்ட வருகிறவர் எல்லாருக்கும் வலது கட்டைவிரலைப் பதிந்துவிட்டுப் போவார். விடாதீர்கள். கொழுந்து கிள்ளித் தேய்வது கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும்தான். மோதிரவிரலைப் பதியச் சொல்லுங்கள், ஆளுக்கு இரண்டு மூன்று விரல் பதியச் சொல்லுங்கள். அப்படியும் விழாதவர்களுக்கு, விரலுக்குப் பதிலாகக் காட்ட ஒரு கார்டு கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த எரிச்சல் அதோடு வந்த சாஃப்ட்வேர். 15 நிமிடம் தாண்டினால் லேட், மூன்று லேட் சேர்ந்தால் அரைநாள் சம்பளம் கட் என்று அதுவாகவே முடிவு செய்து வைத்திருந்தது. வேலைக்கு வராத நேரத்துக்கு உண்டான கூலிக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது 1936-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத்திலிருந்தே வருகிற விதி. அதைச் சொல்லித்தான் முதலாளியைச் சம்மதிக்க வைத்து அந்த விதியை எடுத்தேன். அப்புறம் மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம், லேட்டுக்குக் காரணம் எழுத. ‘பாதையில் காட்டுமாடு.’ ‘பஸ் வரல.’ ‘மாடு, நேத்து நின்ன அதே மாடு.’ தூளைக் காயவைக்கும் டிரையரில் நிற்கிறவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் லேட். சோம்பேறி என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டில் பார்த்தால் அந்த இரண்டு நாளும் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறார். அந்த நாட்களில் மதிய ஷிஃப்டுக்கு மாற்றினோம், லேட் நின்றது. 3 ரூபாய் பேனா செய்த வேலை இது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. சம்பள நாள் சண்டை போயே போச்சு. முன்பு ராத்திரி ஓவர்டைமை மேஸ்திரி செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பென்சிலால் போடுவார். ‘அரைப் பேர்தானே (அரைநாள் கூலி) போட்டிருக்கு’ என்று மாதாமாதம் கத்தல். இப்போது சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்பே அச்செடுத்து போர்டில் ஒட்டுகிறேன், எல்லாரும் போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி சட்டம். ஒரு மாதம், மூட்டை தூக்குகிறவர் ஒருவர் அந்தப் படத்தைக் காட்டி, கணக்கில் விட்டுப்போன ஓவர்டைம் மணி நேரத்துக்குக் காசு கேட்டு வாங்கினார். முதலாளி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆட்களைக் கண்காணிக்கத்தானே அவர் காசு கொடுத்து வாங்கினார்!

எதிர்பாராமல் கிடைத்த ஒன்று உண்டு. முதலில் கேட்டில் மாட்டினார்கள்; மூடுபனியில் கண்ணாடி வேர்த்துக்கொண்டே இருந்தது. அதனால் டிரையருக்குப் போகும் வழிக்கு மாற்றினோம். அங்கே கதகதப்பு. விரல் விழாமல் வரிசை நகராது, நிற்கிறவர்களுக்கும் நகர அவசரமில்லை. நானும் டீ கிளாஸோடு போய் நிற்பேன். வாட்டுகிற இடத்தில் மூன்றாவது ஃபேனில் பேரிங் சத்தம், நேற்று வந்த இலையில் ஈரம் அதிகம், பேக்கிங்கில் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். மாதக் கூட்டத்தில் நாற்காலி போட்டுக் கேட்டால் ஒருவர் வாய் திறக்க மாட்டார். வாட்ஸ்அப் குரூப்பில் வருவது காலை வணக்கப் பூவும் கட்டைவிரலும்தான். தூக்கத்தில் நிற்கிற ஆளிடம் ‘ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு’ என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பரிடம் வாங்காதீர்கள் என்றேன். எட்டுப் பேருக்கு எதற்கு? காலையில் சமையலறை வாசலில் நின்றால் யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரிந்துவிடும். மெஷின் என்ற வகையில் ஐந்துக்கு இரண்டு தருவேன், அதுவும் ஓவர்டைம் கணக்குக்காக. வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள் ஸ்டெபிலைசர் போடாமல் மாட்டாதீர்கள்; மலை கரண்டுக்கு அந்த அடாப்டர் தாங்காது.

எங்கள் முதலாளி இப்போது முகம் பார்க்கும் மாடலுக்கு விலை விசாரிக்கிறார். நின்று வைக்க வேண்டாமாம், நடந்துபோனாலே பதிந்துவிடுமாம். வரிசையே இருக்காது என்று பெருமையாகச் சொன்னார். இந்த ரிப்பேர் மெஷினுக்கே இன்னொரு வருஷம் ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுவிடலாம் சார், செலவு குறைவு என்றேன். அக்காவுக்குக் கார்டு வந்துவிட்டது.