திருநெல்வேலியில் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

போன மாதம் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் லேப்டாப்பைக் கொடுத்து ஏமாந்தேன். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட நம்ம ஊரில் நிறைய பேர் அந்த மாதிரிக் கடைகளில்தான் நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 4 ஜிபி ரேம், பத்து வருஷம் உழைத்த மெஷின். டெபியன் (லினக்ஸில் ஒரு வகை), எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டாப், ஒரு பிரவுசர், லிப்ரே ஆபிஸ், தமிழ்99 கீபோர்டு. இவ்வளவு போதும், மற்றதை வேண்டும்போது நானே போட்டுக்கொள்கிறேன் என்று துண்டுச்சீட்டில் எழுதியே கொடுத்தேன். 'டி டிரைவைத் தொட வேண்டாம்' என்று அடிக்கோடும் போட்டிருந்தேன். "விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, சாயங்காலம் வாங்க" என்றார் கடைத் தம்பி. 1,500 ரூபாய்.

சாயங்காலம் போனால் திரையில் விண்டோஸ். "லினக்ஸ்ல உங்க பிரிண்டர் ஓடாது அண்ணாச்சி. இது லைட் வெர்ஷன், வேண்டாததெல்லாம் எடுத்தாச்சு, சும்மா பறக்கும்" என்றார். முக்கூடல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் பார்த்தால் டி டிரைவே இல்லை. மொத்த டிஸ்க்கையும் அழித்து ஒரே சி டிரைவாக ஆக்கியிருந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது எடுத்த படங்கள், அப்பா பேசிய ஆடியோ, எல்லாம் அதில்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை.

அந்த 'லைட்' என்ன என்று அப்புறம்தான் நோண்டினேன். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் திறக்கவே இல்லை. அப்டேட்டும் கிடையாது. ஆக்டிவேஷன் பக்கத்தில், உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டு லேப்டாப்புக்கு அப்படி வரக் கூடாது. யாரோ முகம் தெரியாத ஆள் விண்டோஸை வெட்டி நெட்டில் போட்டதை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். நான் கேட்டது ஒன்றுமில்லாமல் தொடங்கி, வேண்டியதை நாமே ஒவ்வொன்றாகச் சேர்க்கிற சிஸ்டம். இதில் வெட்டியவர் எதை எடுத்தார், எதைச் சொருகினார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. இதில் பேங்க் பாஸ்வேர்டை அடிக்கிறவர்களை நினைத்தால் பதறுகிறது.

திரும்பப் போய்க் கேட்டதற்கு முதலாளி 500 ரூபாய் கொடுத்தார். சீட்டு காணவில்லையாம்.

கொடுக்கும் முன் டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். முடிந்தால் கொடுக்கவே வேண்டாம். டெபியனின் சொந்தத் தளத்தில் சின்ன நெட் இன்ஸ்டால் ஃபைல் (மீதியை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும்) இருக்கிறது, பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கினால் போதும். 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரும் (அந்தக் கருவியை இயக்கும் சின்ன மென்பொருள்) அதிலேயே வருகிறது. நடுவில் டெஸ்க்டாப் கேட்கும் திரையில் க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப்பின் டிக்கை எடுத்து எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போடுங்கள். பிரிண்டர், வைஃபை ஓடுமா என்று சந்தேகமென்றால் லைவ் பதிப்பைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கை அழிக்க வேண்டியதில்லை. ஓடாது என்று அவர் சொன்ன என் பிரிண்டர் முதல் தடவையே ஓடியது.

டேட்டா போய்விட்டால் அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். நான் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு புது எஸ்எஸ்டி-யில் டெபியன் போட்டேன். பழையதை யூஎஸ்பி கேஸில் செருகி, அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக்கை ஓட்டினேன். படங்கள் பாதிக்குமேல் வந்தன, பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக. ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் ஆடியோ இன்னும் கிடைக்கவில்லை.