குலசேகரத்திலிருந்து லே வரை: ஒரு ராணுவக்காரனின் 9 வருட லக்கேஜ் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள குலசேகரம் என் ஊர். ராணுவத்தில் எனக்கு 16 வருடச் சர்வீஸ். முதல் ஏழு வருடம் லீவுக்கு வந்துபோனதெல்லாம் ரயிலில்தான். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பக்கம் உள்ள கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் மூன்று ராத்திரி. கருப்பு டிரங்குப் பெட்டியை பெர்த்துக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது. ஸ்லீப்பரில் 40 கிலோ வரை இலவசம். என் பெட்டியை யாரும் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. ராணுவம் தரும் ரயில் பயண வாரன்ட் இருந்தால் டிக்கெட்டுக்கும் காசில்லை.

மகள் பிறந்த பிறகு மூன்று நாள் ரயிலில் போவது மனசுக்கு ஒப்பவில்லை. 2016 முதல் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறேன். அப்போதிருந்து என் லீவின் கடைசி நாள் தராசோடுதான் கழிகிறது.

உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. டிக்கெட் எடுக்கும்போது ‘ஆயுதப்படையினர்’ என்பதைத் தேர்வு செய்தால் அடிப்படைக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, வரியில் கிடையாது. கூடுதல் எடை விஷயம் அப்படியில்லை. சில விமானக் கம்பெனி அந்த டிக்கெட்டோடு சேர்த்தே தரும், சிலது தராது. நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

2019-ல் லடாக்கில் உள்ள லேவில் போஸ்டிங். டெல்லி வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து லேவுக்கு வேறு கம்பெனி, இரண்டும் தனித்தனி டிக்கெட். திருவனந்தபுரத்தில் 24 கிலோ பை ஒரு கேள்வியும் இல்லாமல் பெல்ட்டில் போனது. டெல்லியில் அதே பை, அதே அடையாள அட்டை. 15 கிலோதான் என்றார்கள். கிலோவுக்கு 400 ரூபாய் வீதம் 9 கிலோவுக்கு 3,600. கவுன்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். இரண்டு ஜோடி பூட், கம்பளி ஜெர்சி, கோட் பார்க்கா, ஸ்லீப்பிங் பேக். எதை எடுத்து வெளியே வைப்பது? பாதிக்கு மேல் யூனிட்டில் கொடுத்த பொருள், போய்ச் சேர்ந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். என்னுடையது என்று இருந்தது அம்மா கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும்தான். அதை எடுத்தாலும் மூன்று கிலோதான் குறையும். எடுக்க மனசு வரவில்லை. பணத்தைக் கட்டினேன். அந்தப் பணத்தை எனக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சங்கடம் இல்லை. 2011-ல் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களிடம் நான்காவது பைக்கு ஆளுக்கு 200 டாலர் வாங்கியது டெல்டா விமான நிறுவனம். வீரர்கள் அதை வீடியோவில் சொன்னார்கள், நாடே கொதித்தது. உடனே நான்கு பை வரை இலவசம் என்று விதியை மாற்றினார்கள். உத்தரவில் பயணம் போகிறவன் சுமப்பது அவன் ஆசைப்பட்டு வாங்கிய சாமான் இல்லை என்பது அங்கே புரிந்தது. இங்கேயும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. கட்டணத்தில் தள்ளுபடி குறைந்தாலும் பரவாயில்லை, எடையைக் கொடுங்கள்.

அதுவரை, புதிதாகப் பறக்கும் தம்பிகளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். எடை கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குங்கள், கவுன்டரில் விலை அதிகம். டிரங்குப் பெட்டி வேண்டாம், காலியாகவே எடையைத் தின்றுவிடும். ஒரே பை 32 கிலோவுக்கு மேல் போனால் பணம் கொடுத்தாலும் ஏற்றமாட்டார்கள். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். மனைவி மக்களுக்கும் இதே கட்டணத்தில் எடுத்தால் அவர்களுடைய கார்டையும் மறக்காதீர்கள்.

அப்புறம், நம்ம ஊர்க்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று: கொப்பரை வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசை இருப்பதால் தீப்பிடிக்கக்கூடிய பொருள் கணக்கில் வருகிறது. ஸ்கேனில் பார்த்துக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அம்மா வெயிலில் காயவைத்த இரண்டு கிலோவை ஒருமுறை அப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன், வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், ரப்பர் ஷீட்டை விலைக்கு எடுக்கும் கடைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அந்த டிஜிட்டல் தராசு நூறு கிராம் பிசகாது. போன லீவில் டிக்கெட்டில் 25 கிலோ வரை அனுமதி, தராசு 23.4 காட்டியது. கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்றரை கிலோ இடமிருக்கு, அம்மையிட்ட சொல்லு” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா ஏற்கெனவே ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி வைத்திருந்தார்.