டொமைன் விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கேட்காமல் வரும் விலையும் தரகர் கமிஷனும்

டாட் காமோ டாட் இன்னோ, நாலு பேர் விரும்பக்கூடிய டொமைன் (இணையதள முகவரிப் பெயர்) ஒன்று கையில் இருந்தால் போதும், கேட்காமலே விலை சொல்லி மின்னஞ்சல் வரத் தொடங்கிவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றை அனுப்புகிறவருக்கு வாங்கும் எண்ணமே கிடையாது. உங்களிடம் எதையாவது விற்கத்தான் வருகிறார்.

அதிகம் பேர் மாட்டுவது மதிப்பீட்டுச் சான்றிதழ் மோசடியில். பழைய வித்தை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் கடிதம் இரண்டே வரி: “என் வாடிக்கையாளர் உங்கள் டொமைனை வாங்க விரும்புகிறார். 8,000 டாலர் வரை தயார். உங்கள் விலை என்ன?” நீங்கள் ஒரு விலை சொன்னால் மறுநாளே சம்மதம். உண்மையில் வாங்க வருகிறவர் பேரம் பேசாமல் விடமாட்டார், முதல் சந்தேகம் இங்கேயே வரவேண்டும். அடுத்த கடிதம், பணம் பேபாலில் வேண்டுமா வங்கியில் வேண்டுமா என்று கேட்கும். உங்களை நம்பவைக்கத்தான் அது. மூன்றாவதில்தான் விஷயம்: “எங்கள் கணக்குப் பிரிவு மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கிறது. இலவசமாகக் கிடைக்கும் தானியங்கி மதிப்பீடு செல்லாது.” எங்கே வாங்குவது என்று கேட்டால், யாரோ இருவர் பேசிக்கொள்வது போன்ற ஒரு பக்கத்தின் இணைப்பு வரும். கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் அவர்கள் ஆட்களே. கட்டணம் ஐம்பது முதல் இருநூறு டாலருக்குள்தான் இருக்கும், எட்டாயிரம் வரப்போகிறதே என்று நினைப்பவர் யோசிக்காமல் கட்டிவிடும் தொகை. சான்றிதழும் ஒழுங்காக வரும், நீங்கள் கேட்டதைவிட அதிக மதிப்புப் போட்டு. அதன்பிறகு வாங்குகிறவரைக் காணோம். சில கும்பல்கள் மட்டும் போகிற போக்கில் டிரேட்மார்க் சான்றிதழ் என்று இன்னொரு கட்டணத்தையும் கறந்துவிட்டுப் போகும்.

சோதிக்க ஒரு வரி போதும்: “சான்றிதழ் செலவை நீங்களே கட்டுங்கள், விலையில் கழித்துக்கொள்ளலாம்.” மோசடிக்காரரிடமிருந்து இதற்கு நேரான பதில் வராது. கூடவே, அந்த மதிப்பீட்டுத் தளத்தின் டொமைனையும், மின்னஞ்சல் வந்த டொமைனையும் டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் (பதிவு விவரம் தேடும்) பக்கத்தில் போட்டுப் பாருங்கள். 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கும், பதிவான தேதி மறைவதில்லை. “பத்தாண்டு அனுபவம்” பேசும் தளம் போன மாதம் பதிவானது என்று தெரிந்தால் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? உங்கள் பெயருக்கு உண்மையில் என்ன விலை வரும் என்று அறிய, நேம்பயோ தளத்தில் அதுபோன்ற பெயர்கள் முன்பு விற்ற விலைகளைப் பாருங்கள்.

மற்ற கடிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். “உங்கள் நிறுவனப் பெயரை வேறொருவர் சீனாவில் பதிவு செய்யக் கேட்கிறார், உடனே பதில் தாருங்கள்” என்று வருவது, பயமுறுத்தி நாலைந்து தேவையற்ற டொமைன்களை உங்கள் தலையில் கட்ட. “உங்கள் டாட் இன் பெயரின் டாட் காம் என்னிடம் இருக்கிறது, வாங்குகிறீர்களா” என்று வந்தால், அந்தப் பெயரின் நிலையை அதே லுக்அப் பக்கத்தில் பாருங்கள். ‘பெண்டிங் டிலீட்’ (நீக்கப்படக் காத்திருக்கிறது) என்று இருந்தால் அது அவரிடம் இல்லை, ஐந்து நாளில் எல்லோருக்கும் திறக்கும். புதுப்பித்தல் பில் போலவே அச்சடித்த கடிதத்தில் கையெழுத்திட்டால் டொமைன் வேறு பதிவாளரிடம் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனத்திடம்) போய்விடும். இப்படி அனுப்பிய டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2003இலேயே நடவடிக்கை எடுத்தது.

இன்னொரு வகைக் கடிதம் வக்கீல் மூளையில் உதிப்பது. உங்கள் பெயர் ஒரு பிராண்டை ஒத்திருந்தால், முன்பின் தெரியாதவர் “என்ன விலை?” என்று கேட்பார். பதிவுச் செலவுக்கு மிஞ்சிய தொகையை நீங்கள் சொன்னால், யூடிஆர்பி (பிராண்டுக்காரர் டொமைனைக் கேட்டு வழக்காடும் ஐகேன் நடைமுறை) புகாரில் அதைக் கெட்ட எண்ணத்துக்குச் சான்றாக வைக்கமுடியும். அப்படிப்பட்ட பெயருக்கு விலை சொல்லாமல் இருப்பதே நல்லது.

இனி தரகர். நேர்மையான தரகர் உண்டு, நல்ல விலையும் வாங்கித் தருவார். வழக்கமான கமிஷன் 10 முதல் 20 சதவீதம். சந்தைத் தளங்களிலும் அதை ஒட்டித்தான்: ஆப்டர்னிக் என்ற தளத்தில், நேம்சர்வரை (டொமைனைத் தட்டினால் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் அமைப்பை) அவர்கள் பக்கம் திருப்பினால் 15, இல்லையென்றால் 25 சதவீதம். சதவீதத்தைப் பார்த்துப் பேரம் பேசிவிட்டு மற்ற வரிகளைப் படிக்காமல் கையெழுத்திடுகிறவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

முதலாவது, “உங்களுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?” என்ற கேள்வி. மூவாயிரம் என்றீர்கள், அவர் ஒன்பதாயிரத்துக்கு விற்றார், ஆறாயிரம் அவருக்கு. ஒப்பந்தம் அப்படி இருந்தால் கேட்கவும் முடியாது. கமிஷன் மொத்த விற்பனை விலையில் இத்தனை சதவீதம், விலை இரு தரப்புக்கும் எழுத்தில் தெரியவேண்டும், வாங்குபவரிடம் தனியாகக் கமிஷன் பெற்றால் அதையும் சொல்லவேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தவணை விற்பனை. 12,000 டாலர், மாதம் 500 வீதம் 24 மாதம், கமிஷன் 20 சதவீதம் என்று வைப்போம். மொத்தக் கமிஷன் 2,400. “கமிஷன் முதலில்” என்று ஒப்பந்தம் சொன்னால் முதல் நான்கு தவணையும் ஐந்தாவதில் 400ம் தரகருக்கே. ஆறாவது மாதத்தோடு வாங்குபவர் நின்றுவிட்டால் வந்த 3,000இல் உங்களுக்கு 600தான். தவணைதோறும் 20 சதவீதம் என்று இருந்திருந்தால் 2,400. ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம்.

மூன்றாவது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் உரிமை. தரகர் தொடர்புகொண்டவருக்கு அடுத்த ஆறு மாதத்துக்குள்ளோ ஒரு வருடத்துக்குள்ளோ நீங்களே விற்றாலும் அவருக்குக் கமிஷன் என்பார்கள். அது நியாயம்தான், ஆனால் யார் யாரைத் தொடர்புகொண்டார் என்ற பட்டியலை ஒப்பந்தம் முடிந்த ஒரு வாரத்துக்குள் தரவேண்டும், பட்டியலில் இல்லாதவருக்குப் பொருந்தாது என்ற வரியும் வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு யார் வாங்கினாலும் “அவரிடம் நான் பேசினேனே” என்று வந்து நிற்பார். தரகரிடம் ஒப்படைத்த கையோடு, சந்தைத் தளங்களில் போட்டிருந்த ‘இப்போதே வாங்கு’ விலையை எடுத்துவிடுங்கள். அங்கே ஒருவரும் இங்கே ஒருவரும் வாங்கி, இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாமல் தவிப்பதைவிடக் கொடுமை இல்லை. விற்பனைக்கு முன்பே விளம்பரச் செலவு, பதிவுக் கட்டணம் என்று விற்பவரிடம் பணம் கேட்கும் தரகர் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும்போது வரிசை மாறக்கூடாது. எஸ்க்ரோவில் (விற்பனை முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் இடைநிலை நிறுவனத்தில்) பணம் வந்துவிட்டது என்பதை மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தட்டிப் பார்க்காதீர்கள். போலி எஸ்க்ரோ தளங்கள் அசல் மாதிரியே இருக்கும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் டிரான்ஸ்ஃபர் லாக்கை (வேறு பதிவாளருக்கு மாற்றவிடாத பூட்டை) எடுத்து ஆத் கோட் (மாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) கொடுக்கவேண்டும். பதிவு செய்து அல்லது மாற்றி 60 நாள் ஆகாத டாட் காமைப் பொதுவாக வேறு பதிவாளரிடம் கொண்டுபோக முடியாது, அப்போது வாங்குபவர் உங்கள் பதிவாளரிடமே கணக்குத் திறக்கவேண்டும். ஒரே பதிவாளருக்குள் ‘புஷ்’ செய்வது, அதாவது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது, சில நிமிட வேலை, ஆனால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. பேபாலில் நேரடியாக வாங்கினால் 180 நாள் வரை வாங்கியவர் புகார் கொடுத்துப் பணத்தைப் பிடித்துவைக்க முடியும்.

ஏற்கெனவே சான்றிதழுக்குக் கட்டிவிட்டவர்கள், கார்டு கொடுத்த வங்கியில் உடனே டிஸ்ப்யூட் (கட்டிய தொகையைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுங்கள், அந்தக் கார்டையும் முடக்குங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதியலாம், மின்னஞ்சல்களை முழு ஹெடரோடு (எங்கிருந்து வந்தது என்று காட்டும் தொழில்நுட்ப விவரம்) சேமித்து வையுங்கள். ஆத் கோடையும் கொடுத்திருந்தால் பதிவாளர் கணக்கில் லாக்கைத் திரும்பப் போட்டு, புதிய கோட் உருவாக்குங்கள். மாற்றம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், உறுதிகேட்டு உங்கள் பதிவாளர் அனுப்பும் மின்னஞ்சலில் ஐந்து நாளுக்குள் மறுப்புத் தெரிவித்து நிறுத்தலாம். அது ஸ்பாம் பெட்டியில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.