நல்ல ஸ்வெட்டர், குறைந்த விலை: சீசன் முடிந்த புதுசா, ஒருவர் போட்ட பழசா?

நல்ல கம்பளி ஸ்வெட்டருக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. குளிர் முடிகிற நேரத்தில் கடைகள் சரக்கைத் தள்ளிவிடும்போது புதிதாக வாங்கலாம். இல்லையென்றால் வேறொருவர் போட்டதைத் தேடிப் பொறுக்கி வாங்கலாம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எதில் எவ்வளவு மிச்சம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். காசைக் கொடுக்கும் நேரத்தில் அந்த ஸ்வெட்டரைப் பற்றி நமக்கு என்னென்ன தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்த விஷயத்தில் இந்த இரண்டு வழிகளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

சீசன் முடிந்த புதுசை முதலில் பார்ப்போம். கம்பளி இடத்தை அடைக்கும் சரக்கு. அடுத்த பருவத்துத் துணி வந்து இறங்குவதற்குள் அலமாரி காலியாக வேண்டும். அதனால் வட அரைக்கோளத்தில் ஜனவரி, பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்தில் ஜூலை, ஆகஸ்டிலும் விலை இறங்கும், அதுவும் படிப்படியாக. முதல் குறைப்பில் எல்லா அளவும் இருக்கும், விலை கொஞ்சம்தான் குறைந்திருக்கும். கடைசிக் குறைப்பில் விலை அடிமட்டத்துக்கு வந்துவிடும், ஆனால் மிகச் சின்னதோ மிகப் பெரியதோதான் மீந்து கிடக்கும். நடுத்தர அளவு போடுகிறவர்கள் கடைசிவரை காத்திருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். நடுவிலேயே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கருநீலம், சாம்பல், கறுப்பு போன்ற நிறங்கள் அடுத்த வருடமும் விற்கும் என்பதால் பல கடைகள் அவற்றில் பெரிதாகக் கை வைப்பதில்லை. அந்த வருடத்துக்கென்று வந்த நிறங்கள்தான் மளமளவென்று இறங்கும்.

பலர் கவனிக்காத ஒன்று, திருப்பிக் கொடுக்கும் கெடு. குளிர் போன பிறகு வாங்கிய ஸ்வெட்டரை அடுத்த குளிருக்குத்தான் எடுத்துப் போடுவோம். அதற்குள் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். கழுத்து அரிக்கிறது, கை நீளம் போதவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். வாங்கிய அன்றே, வெயில் காலமாக இருந்தாலும், சட்டையின் மேல் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கிளியரன்ஸ் சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. பில் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுசின் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. கடையில் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் எல்லா ஸ்வெட்டருமே மெத்தென்று இருக்கும். அந்த மென்மையை நம்பக் கூடாது. குட்டையான இழைகளைத் தளர்வாக முறுக்கி நூலாக்கினால், இழை முனைகள் மேலே எழும்பிப் பஞ்சுபோல் தொடுவதற்கு இதமாக இருக்கும். அதே முனைகள்தான் சில தடவை போட்டதும் உரசி, ஒன்றோடொன்று சிக்கி, உருண்டை உருண்டையாகத் திரளும். நீளமான இழையை இறுக்கி முறுக்கிய நூல் கடையில் சற்று வறட்சியாகப் படும், உழைப்பதென்னவோ அதுதான்.

காஷ்மியரில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மை. ஆட்டின் மேல்மயிருக்கு அடியில் இருக்கும் மென்மயிர்தான் காஷ்மியர். அதன் இழையின் தடிமன் சராசரியாக 19 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். ஒரு ஸ்வெட்டருக்குச் சாதாரணமாக 2 முதல் 4 ஆடுகளின் ஓராண்டு மயிர் தேவைப்படும். அப்படியிருக்க, புது காஷ்மியர் நம்பவே முடியாத விலைக்கு வந்தால் இழையின் நீளத்திலோ பின்னலின் நெருக்கத்திலோ யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு பிராண்டின் சரக்கைக் குறைந்த விலைக்கு விற்கும் அவுட்லெட் கடைகளிலும் எச்சரிக்கை தேவை. அங்கே தொங்குவது முழுவதும் விற்காமல் மீந்த சரக்கல்ல. அவுட்லெட்டுக்கென்றே மட்டமான நூலில் தயாராகும் துணியும் கலந்திருக்கும்.

பழசோ எதையும் மறைக்காது. பல தடவை போட்டு, துவைத்து, மடித்து வைத்த பிறகு நம் கைக்கு வருகிறது. அக்குளிலும் விலாப் பக்கத்திலும் உருண்டை இல்லாமல் இருந்தால் நூல் நல்ல நூல் என்று பெரும்பாலும் நம்பலாம். யாராவது உருண்டைகளைச் சிரைத்து எடுத்திருந்தால் அந்த இடம் மட்டும் சற்று மெலிந்து, மற்ற இடத்தைவிட மொட்டையாகத் தெரியும்.

அதனால் பழைய ஸ்வெட்டரை எடுத்தால் முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முழங்கை மற்ற இடத்தைவிட அதிக வெளிச்சம் விட்டால் அங்கே நூல் தேய்ந்துவிட்டது. இன்று ஓட்டை இல்லாவிட்டாலும் சீக்கிரம் விழும். அங்கங்கே ஊசி முனை அளவுக்குப் பளிச்சென்று புள்ளி தெரிந்தால் அந்துப்பூச்சியின் வேலை. பறக்கிற பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. வியர்வையும் கறையும் பட்ட இடம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்து இடுப்பு விளிம்பையும் மணிக்கட்டு விளிம்பையும் இழுத்து விடுங்கள். உடனே சுருங்கித் தன் இடத்துக்கு வர வேண்டும். அலையலையாய் நின்றுவிட்டால் வைத்துவிடுங்கள்.

பிறகு கையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். தையலுக்குச் சில கண்ணிகள் தள்ளி, சாய்வாகச் சின்னச் சின்ன முடிச்சு போன்ற தடங்கள் வரிசையாகத் தெரிகின்றனவா? பின்னும்போதே கண்ணியைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு பாகத்தையும் வடிவமாக இறக்கியிருக்கிறார்கள், நல்ல வேலைப்பாடு என்பதற்கு அதுதான் அடையாளம். அது இல்லாமல், உள்பக்கம் திருப்பினால் வெட்டிய ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கும் தடித்த ஓவர்லாக் தையல் ஓடினால், நீளமாகப் பின்னிய துணியை வெட்டித் தைத்தது. இந்தச் சோதனை புதுசுக்கும் செல்லும், விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம்.

பழசில் சில குறைகளை மன்னிக்கலாம். ஒரு சின்ன ஓட்டையை, உள்தையலில் மீந்திருக்கும் அதே நூலை எடுத்தே அடைத்துவிட முடியும். உருண்டையை எடுத்துவிடலாம். ஆனால் வெந்நீரில் அலசிச் சுருங்கிய கம்பளிக்கு மருந்தில்லை. இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டால் திரும்பப் பிரியாது. கண்ணி தெரியாமல் அட்டைபோல் தடித்திருந்தால் அதுதான். லேபிளில் உள்ள அளவையும் நம்ப வேண்டாம். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஸ்வெட்டரை விரித்து வைத்து, அக்குளுக்கு அக்குள் அளந்து ஒப்பிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் இந்த அளவையும், முழங்கை, அக்குள், லேபிள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

எதை எப்படி வாங்குவது என்றால் என் தீர்ப்பு இதுதான். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட், அயர்லாந்தின் ஆரன் தீவுகளின் பெயரில் வரும் ஸ்வெட்டர்கள் போன்ற தடித்த கம்பளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பழசைச் சொல்வேன். முரட்டு நூல், வருடக்கணக்கில் உழைக்கும், முதலில் போட்டவர் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத்தான் செலவழித்திருப்பார். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை முனைகள் தோலைக் குத்தும் என்பதால் உள்ளே ஒரு சட்டை போட்டுக்கொண்டால் போதும். உடம்போடு ஒட்டிப் போடும் மெல்லிய மெரினோவுக்கு (மெரினோ செம்மறியின் மென்மையான கம்பளி) நேர் எதிர். அதன் முழங்கையும் அக்குளும்தான் முதலில் போகும், வியர்வை நேராக அதில்தான் இறங்கும். அதைச் சீசன் முடிவில் புதிதாக வாங்குங்கள். காஷ்மியர் என்றால் நான் பழசின் பக்கம், மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றைக்கூட விடாமல். அக்ரிலிக் என்ற செயற்கை இழை பெருமளவு கலந்ததை எந்த வழியிலும் வாங்க வேண்டாம். வளரும் குழந்தைகளுக்கு யோசிக்கவே தேவையில்லை, பழசுதான்.

பழசுக்கும் சீசன் உண்டு. குளிர் தொடங்கும்போது எல்லோரும் தேடுவதால் விலை ஏறும். குளிர் முடிந்து அலமாரியை ஒழிக்கும்போது நல்லதெல்லாம் வெளியே வரும், வாங்க ஆள் இருக்காது. ஆகவே இரண்டு வேட்டைக்கும் ஒரே நேரம்தான் ஏற்றது. வாங்கியது அரை வருடம் சும்மா கிடக்கப் போகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பழசை மற்றக் கம்பளியோடு சேர்ப்பதற்கு முன் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தெடுங்கள், புழுவும் முட்டையும் செத்துவிடும். பிறகு கம்பளிக்கான சோப்பில் குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, படுக்கையாக விரித்து உலர்த்துங்கள். ஹேங்கரில் மாட்டினால் தோள் தொங்கிவிடும். மடித்து, மூடிய பெட்டியில் வைப்பதே சரி.